ஒரு வாய் தூரம்

கொடுவா மீன் இறாலைப் பிடிப்பதை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. இறால் இருக்கும், அடுத்த நொடி இருக்காது. மீனின் வாய் முன்புபோலவே மூடியிருக்கும். இடையில் நடந்தது என்ன என்று பார்ப்பதற்காகத் துஷ்யந்தி பல ஆண்டுகள் கண்ணாடித் தொட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அவள் யாழ்ப்பாணத்தில் கணித விரிவுரையாளர். மகளுக்கு மீன் சமைக்கத் தெரியாது என்று அவளுடைய தாய் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் குறைப்பட்டுக்கொள்வாள். ஆனால் மீன் எப்படிச் சாப்பிடுகிறது என்பது அந்த மகளுக்குத் தெரிந்த அளவு அதிகம் பேருக்குத் தெரியாது.

அதிவேகக் கமெராவில் எடுத்து மெல்ல ஓடவிட்டால் மீன் பாய்ந்து கவ்வுவதில்லை என்பது தெரியும். வாய் திறக்கும்போதே கன்னமும் செவுள் மூடியும் குடை விரிவதுபோல் விரிகின்றன. வாய்க்குள் திடீரென்று இடம் பெருகுகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருக்கும் தண்ணீர் பாய்ந்து வருகிறது, தண்ணீரோடு இறாலும் வந்துவிடுகிறது. துஷ்யந்தி இதைச் சமன்பாடுகளாக எழுதினாள். இறாலைத் தூக்குவது தண்ணீரின் வேகம் மட்டுமல்ல, அந்த வேகம் எவ்வளவு திடீரென்று பிறக்கிறது என்பதும்தான். அதே தண்ணீரை மெல்ல இழுத்தால் இறால் தரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடும். இன்னொன்றும் தெரிந்தது. அந்த இழுவை தூரம் போகாது. வாய் எவ்வளவு அகலமோ ஏறத்தாழ அவ்வளவு தூரத்துக்குத்தான் அதன் பலம். அதற்கு அப்பால் நிற்கிற இறால் மீசையைக்கூட அசைக்காது. மாணவர்களுக்கு விளங்கட்டும் என்று அவள் அதை ‘ஒரு வாய் தூரம்’ என்று சொல்வாள்.

இதையெல்லாம் எழுதி ஓர் ஆய்விதழில் வெளியிட்டாள். படித்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவன் ஐங்கரன்.

ஐங்கரன் மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் பொறியியலாளன். போர் முடிந்து ஒரு தலைமுறை போய்விட்டது. வயல்களிலும் வீட்டு வளவுகளிலும் இருந்த வெடிகளை எடுத்தாகிவிட்டது. பாலைக்கண்டல் களப்பில், அந்தக் கடலோர உப்பேரியில், கிடந்தவற்றை மட்டும் யாராலும் எடுக்க முடியவில்லை. கரையில் புதைத்தவை ஒவ்வொரு மாரி வெள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிச் சேற்றுக்குள் போய்விட்டன. தண்ணீர் கலங்கல். சுழியோடிகளுக்குத் தங்கள் கையே தெரியாது. அதனால் களப்பின் பாதிக்குச் சிவப்புக் கம்பங்கள் நட்டு மறித்திருந்தார்கள். அந்தப் பாதியில்தான் இறால் இருந்தது.

அவன் துஷ்யந்தியைத் தேடிப் பல்கலைக்கழகத்துக்கே வந்து ஒரே ஒரு கேள்வியைக் கேட்டான்.

“அக்கா, மிதிவெடியை மேலால அமத்தினாத்தானே வெடிக்கும். மீன் அமத்தேல்லையே, உறிஞ்சுது. நாங்களும் ஒரு மீன் செய்தா என்ன?”

துஷ்யந்தி அந்தக் கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வெடிக்கு நேர் மேலே ஒரு வாய் திடீரென்று திறந்தால், வெடியின் மேல் தட்டில் இருக்கும் அழுத்தம் குறையுமே தவிர அதிகரிக்காது. வெடிக்குத் தன்னை யாரோ தூக்குகிறார்கள் என்பதே தெரியாது. கணக்கு சரியாக வந்தது. அது சரியாக வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பயமும் வந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்த யந்திரத்தை எல்லோரும் கொடுவா என்றே அழைத்தார்கள். ஒரு ஆட்டுக்குட்டியின் நீளம், மென்மையான இறப்பர் உடம்பு, ஒரு சோற்றுக் கோப்பை அகலத்துக்குத் திறக்கும் வாய். வாய்க்குப் பின்னால் விரிந்து சுருங்கும் கன்னம், அதற்கும் பின்னால் ஒரு பை. நீரும் சேறும் பையின் வெட்டுகள் வழியாக வெளியே போய்விடும், கல்லும் சிப்பியும் அதுபோலக் கெட்டியானவையும் உள்ளே தங்கும். தொட்டிக்குள் பொய் வெடிகளைப் புதைத்துச் சோதித்தபோது கொடுவா ஒவ்வொன்றையும் பூப்போல எடுத்தது.

களப்பில் அதை ஓட்டும் வேலை ஜெசிந்தாவின் அணிக்குக் கிடைத்தது. ஜெசிந்தா பாலைக்கண்டல்காரி. தரையில் குப்புறக் கிடந்து மண்ணைச் சுரண்டி வெடி எடுத்தே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். அவளுடைய அணியில் இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள், பெரும்பாலானோர் தனியாகக் குடும்பம் நடத்துகிறவர்கள். வள்ளத்தில் இருந்தபடி கொடுவாவை இயக்க அவள் விரைவாகவே பழகிக்கொண்டாள். ஒருநாள் யந்திரத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது துஷ்யந்தியிடம் சொன்னாள்:

“மிஸ், இது நல்லா வேலை செய்யவேணும் எண்டுதான் நானும் மன்றாடுறன். ஆனா செய்தா எங்கட அணிப் பிள்ளையள் எல்லாரும் வேலையில்லாமல் வீட்டை போகவேணும். ரெண்டுக்கும் ஒண்டா எப்பிடி மன்றாடுறது?”

துஷ்யந்தி யந்திரத்தில் மிச்சமிருந்த சேற்றைக் கழுவினாள். தன்னுடைய சமன்பாடுகளில் அப்படி ஒரு உறுப்பு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

இதற்கிடையில் நிறுவனத்தின் மாவட்ட முகாமையாளர் அவசரப்பட்டார். கோப்பை அளவு வாய் போதாது, ஒரு பனையோலைக் கடகத்தின் அகலத்துக்கு வாய் வைத்தால் ஒரே ஓட்டத்தில் அதிக இடம் பார்க்கலாம், அடுத்த இறால் பருவத்துக்குள் களப்பைத் திறந்துவிடலாம் என்றார். பெரிய வாய் ஒன்றையும் செய்வித்து வைத்திருந்தார். துஷ்யந்தி மறுத்தாள். வாய் பெருத்தால் இழுவை எட்டும் தூரமும் பெருக்கும், அந்தத் தூரத்துக்குள் எத்தனை கிடந்தாலும் அத்தனையும் ஒன்றாக அசையும், ஒன்றோடொன்று முட்டும் என்றாள். அதுவரை இடைவெளி விட்டு விட்டு ஓடிப் பார்த்த பகுதி முழுவதையும் சுத்தமான பகுதி என்று அவர் ஒப்பமிடச் சொன்னதற்கும் முடியாது என்றுவிட்டாள். கொடுவா போன பாதைக்கு இரண்டு பக்கமும் ஒரு வாய் தூரம் வரைக்கும்தான் தன்னால் பொறுப்பெடுக்க முடியும் என்பது அவளுடைய வாதம்.

அதனால் களப்புத் திறப்பு இன்னொரு முறை தள்ளிப்போனது. அதை ஊருக்குச் சொல்ல, கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள்.

கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் சூசைதாசன் முன்வரிசையில் இருந்தார். அவர் ஜெசிந்தாவின் தாய்மாமன். அறுபதைத் தாண்டியவர், சத்தம் போட்டுக் கதைத்துப் பழக்கமில்லாதவர். களப்பு மூடிக் கிடந்ததால் அவருடைய ஒரே மகன் தூரத்துத் துறைமுகம் ஒன்றில் யாரோ ஒருவரின் இழுவைப் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். வருஷத்துக்கு ஒரு முறை, நத்தார்ப் பெருநாளுக்கு வருவான். ஊரில் பல வீடுகளில் அதே கதைதான்.

மீன் எப்படி இறாலை உறிஞ்சுகிறது, யந்திரம் எப்படி வெடியை உறிஞ்சும் என்று துஷ்யந்தி பலகையில் கீறி விளங்கப்படுத்தினாள். மீன்காரர்கள் ஆர்வமாகத்தான் கேட்டார்கள். ஆனால் திறப்பு எப்போது என்ற கேள்விக்கு அவள் தேதி சொல்லவில்லை. அப்போது சூசைதாசன் எழுந்தார்.

“அந்த ஒரு வாய்க்கு அங்கால என்ன கிடக்கு, தங்கச்சி?”

“தெரியாது ஐயா.”

“தெரியாது எண்டு சொல்லுறதுக்கு இவ்வளவு படிக்கவேணுமோ?”

யாரும் சிரிக்கவில்லை. அவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். துஷ்யந்தி பலகையைத் துடைத்தாள். அந்தக் கேள்வி அவளைப் புண்படுத்துவதற்காகக் கேட்கப்பட்டதல்ல என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனாலேயே அது கூடுதலாக வலித்தது.

மறுநாள் காலையில் சூசைதாசன் ஒரு கட்டுத் தடிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு களப்புக்குள் இறங்கினார். இறால் வலை கட்ட நடும் தடிகள். சிவப்புக் கம்பங்களைத் தாண்டி நடந்தார். கரையில் நின்றவர்கள் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று கையசைத்தார். தான் போய்த் தடி நட்டுவிட்டு உயிரோடு திரும்பினால் ஊர் நம்பும், நிறுவனமும் வேறு வழியில்லாமல் திறக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. இரண்டு தடிகளை நட்டார். மூன்றாவதை நட இன்னும் கொஞ்சம் உள்ளே போனார். அங்கே சேறு இளகல். இரண்டு காலும் முழங்காலுக்கு மேல் இறங்கிவிட்டன. ஒரு காலை இழுத்தால் மற்றது தாழ்ந்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் அவர் அசைவதை நிறுத்திவிட்டார்.

ஜெசிந்தாவுக்குச் செய்தி போக, அவள் துஷ்யந்தியையும் ஐங்கரனையும் அழைத்தாள். அவர்கள் இருவரும் ஊரிலேயே தங்கியிருந்ததால் உடனே வந்தார்கள். கரை முழுக்கச் சனம். சூசைதாசனின் மனைவி மெற்றில்டா கையைக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றாள். அழவும் இல்லை, கதைக்கவும் இல்லை.

ஜெசிந்தா தட்டையான சிறிய வள்ளத்தில், ஏற்கனவே ஓடிப் பார்த்த பாதை வழியாகக் கொடுவாவை முன்னால் விட்டுப் போனாள். யந்திரத்தின் வயிற்றில் உலோகத்தைக் கேட்கும் கருவி இருந்தது. சூசைதாசனுக்குக் கிட்டப் போனதும் அது முனகத் தொடங்கியது. அவருடைய இடது காலிலிருந்து இரண்டு சாண் தூரத்தில், சேற்றுக்குள் ஒரு வெடி. வலது பக்கம் கருவிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கரையில் கணினிக்கு முன்னால் இருந்த துஷ்யந்திக்கு அது திரையில் தெரிந்தது. ஜெசிந்தாவின் குரல் காதுக்குள் வந்தது. கயிறு கட்டி இழுக்கலாமா என்று கேட்டாள். துஷ்யந்தி வேண்டாம் என்றாள். இழுத்தால் கால் தனியாக வராது, சுற்றியிருக்கும் சேறு ஒரு கட்டியாக நகரும், அந்த நகர்வு வெடி வரைக்கும் போகும். சாதாரணப் பம்பு வைத்து உறிஞ்சுவதும் அப்படித்தான். அது விடாமல் இழுக்கும், பள்ளம் விழும், பள்ளத்தின் விளிம்பு சரியும், வெடி அவருடைய காலடியிலேயே வந்து விழும்.

“கொடுவாவால காலைச் சுத்தின சேத்தை மட்டும் எடுக்கலாம்,” என்றாள். “ஒரு வாய் எடுக்கும், நிக்கும். தண்ணி அடங்கும். பேந்து இன்னொரு வாய்.”

ஐங்கரன் வானத்தைப் பார்த்தான். சோழகக் காற்று எழும்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. காற்று எழும்பினால் களப்பில் அலை வரும், அலை வந்தால் சேற்றில் நிற்கும் மனிதன் நிலையாக நிற்க முடியாது. பெரிய வாயைப் பூட்டினால் விரைவில் முடிக்கலாம் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. துஷ்யந்தி ஒரு கணம் யோசித்தாள்.

“பெருசு வேண்டாம் தம்பி. இருக்கிறதையும் சுருக்கு. சிரட்டை அளவுக்கு.”

“அக்கா, அப்ப நேரம் எடுக்குமே.”

“எடுக்கட்டும். சிரட்டை அளவு வாய்க்கு ரெண்டு சாண் எட்டாது. அந்த வெடிக்கு நாங்கள் வந்ததே தெரியாது.”

ஒன்றை அவள் மறைக்கவில்லை. அவளுடைய சமன்பாடுகள் தண்ணீருக்கு எழுதப்பட்டவை. சேறு தண்ணீரைப்போல ஓடாது, கொஞ்சம் பொறுத்துத் திடீரென்று இளகும். எவ்வளவு பொறுக்கும் என்பதை அவள் அளந்ததில்லை. இதை ஜெசிந்தாவிடமும் சொன்னாள், ஏனென்றால் வள்ளத்தில் இருந்தது ஜெசிந்தா. சேற்றுக்கு என்னுடைய கணக்கு முழுதாகச் சரிவராது, சேறு இழுவையின் தூரத்தைக் குறைக்குமே தவிரக் கூட்டாது என்று நம்புகிறேன், ஆனால் நம்பிக்கைதான் என்றாள். ஜெசிந்தா மாமாவின் கால்கள் புதைந்திருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்று மட்டும் கேட்டாள்.

வலது பக்கத்தில் தொடங்குவது என்று முடிவாயிற்று. அதுதான் ஒன்றும் கேட்காத பக்கம். முதலில் அங்கே பழகிக்கொண்டு பிறகு இடது பக்கம் வரலாம்.

ஜெசிந்தா வள்ளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டாள். அவளுடைய முகமும் மாமாவின் முகமும் கிட்டக் கிட்ட இருந்தன. அவர் வெட்கப்பட்டார். முதலில் சொன்னது அவளைத் திரும்பிப் போகச் சொல்லித்தான்.

“நீ போ பிள்ளை. உனக்கு ரெண்டு குஞ்சுகள் இருக்கு.”

“கதையாதேங்கோ மாமா. கதைச்சா வயிறு அசையுது, வயிறு அசைஞ்சா கால் அசையும்.”

“நான் விசர் பிடிச்சு வரேல்லை.”

“தெரியும்.”

“என்ர பெடியன் இஞ்ச வரவேணும். கடல் எண்டா எங்கட கடல். ஆரோ ஒருத்தன்ர படகில…”

“மாமா, கால் எங்க இருக்கு எண்டு மட்டும் யோசியுங்கோ. வேற ஒண்டும் இப்ப வேண்டாம்.”

கொடுவா வலது முழங்காலுக்குப் பக்கத்தில் தலையை இறக்கியது. வாய் திறந்து மூடியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை, தண்ணீரில் ஒரு சிறு கலக்கம் மட்டும். ஆனால் சூசைதாசனின் காலில் ஒரு சிரட்டைச் சேறு குறைந்திருந்தது. தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்து மறுபடி ஒரு வாய். துஷ்யந்தி திரையில் இடது பக்கத்து வெடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் அவள் மூச்சைப் பிடித்து விட்டாள். தொட்டியில் மீன்களைப் பார்த்த காலத்தில் அவளுக்கு இப்படி இருந்ததில்லை. அங்கே மீன் பிழைவிட்டால் ஒரு இறால் தப்பிவிடும், அவ்வளவுதான்.

வலது காலின் சேறு கெண்டைக்கால் வரை, பிறகு கணுக்கால் வரை இறங்கியது. ஒருமுறை சூசைதாசன் முகத்தைச் சுளித்தார், காலை இழுக்கப் பார்ப்பதுபோல் தோள் அசைந்தது. ஜெசிந்தா தாழ்ந்த குரலில் அசையாதேங்கோ என்றாள். அவர் அப்படியே நின்றார். கடைசியில் வலது கால் சேற்றிலிருந்து விடுபட்டது. ஜெசிந்தா அதைத் தன் கையால் பிடித்துத் தூக்கி வள்ளத்தின் விளிம்பில் வைத்தாள்.

இடது கால் நேரம் எடுத்தது. அந்தப் பக்கம் வாயை இன்னும் கொஞ்சம் சுருக்கச் சொன்னாள் துஷ்யந்தி. தூரத்தில் பனைகளின் தலை ஆடத் தொடங்கியிருந்தது. ஐங்கரன் அதைக் கண்டான், சொல்லவில்லை. சொன்னால் அவசரப்படுவார்கள் என்று நினைத்தான். முதல் சிறு அலை வள்ளத்தைத் தட்டியபோது இடது கால் கணுக்கால் வரை தெரிந்திருந்தது. ஜெசிந்தா இரண்டு கைகளாலும் மாமாவின் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். இன்னும் இரண்டு வாய். பிறகு அவள் இழுக்கவே தேவையிருக்கவில்லை, கால் தானாக மிதந்து மேலே வந்தது. அவர் வள்ளத்துக்குள் ஒரு பெரிய மீனைப்போல விழுந்தார்.

திரையில் அந்த வெடி இருந்த இடத்திலேயே இருந்தது. துஷ்யந்தி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஐங்கரன் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னான், அவளுக்கு விளங்கவில்லை, ஓம் ஓம் என்று தலையாட்டினாள்.

வள்ளம் கரைக்கு வந்தது. சனம் ஓடி வந்து சூசைதாசனை இறக்கி மணலில் உட்காரவைத்தது. மெற்றில்டா தன் சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள். அப்போதும் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் துஷ்யந்தியைத் தேடிக் கையைக் கூப்பினார். அவளும் கூப்பினாள்.

ஜெசிந்தா மட்டும் ஓய்ந்து உட்காரவில்லை. ஒவ்வொரு முறையும் ஓட்டம் முடிந்ததும் கொடுவாவின் பையை நீர் நிறைந்த தொட்டிக்குள் வைத்தே திறந்து பார்ப்பது அவர்களுடைய ஒழுங்கு. மற்றவர்கள் தேநீர் தேடிப் போன நேரத்தில் அவள் தொட்டிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, வழக்கப்படி பையின் வாயைத் தளர்த்திக் கையை மெல்ல உள்ளே விட்டாள். சிப்பிகள், ஒரு கண்டல் வேர்த் துண்டு, கூழாங்கல். பிறகு கை நின்றது.

அவள் முகம் மாறவில்லை. கையை வந்த வழியே, வந்ததைவிட மெல்ல வெளியே எடுத்தாள். எழுந்து நின்று, பக்கத்தில் நின்ற தன் அணிப் பெண்ணிடம் சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னாள்:

“சனத்தை றோட்டுக்குக் கொண்டுபோங்கோ. ஓடவேண்டாம், நடக்கச் சொல்லுங்கோ.”

துஷ்யந்தி அருகில் வந்தாள். ஜெசிந்தா தொட்டியைக் காட்டினாள். கலங்கல் அடங்கிக்கொண்டிருந்த தண்ணீருக்குள், பையின் திறந்த வாயில், சப்பாத்துப் பொலிஷ் பேணி அளவில் ஒரு வட்டம் தெரிந்தது. பிளாஸ்டிக் வெடி. அதற்குள் இருக்கும் உலோகம் ஒரு ஊசியளவுதான் என்பதால் சேற்றுக்குள் கருவிக்குக் கேட்கவில்லை. மேல் தட்டு மேல்நோக்கி, அமுக்கப்படாமல், முழுசாக இருந்தது.

இடது பக்கத்து வெடி இன்னும் களப்பில்தான் இருந்தது. இது வேறு. இது வலது பக்கம் இருந்தது, அவர்கள் பழகுவதற்காகத் தொடங்கிய பக்கம்.

துஷ்யந்தி பிறகு பதிவை ஓடவிட்டுப் பார்த்தாள். வலது காலின் கடைசி வாய்களில் ஒன்றில், கன்னத்து அழுத்தக் கோடு ஒரு மயிரிழை கூடுதலாகத் தாழ்ந்து மீண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடத்தைக் கணித்தபோது அந்த வெடி அவருடைய வலது குதிக்காலோடு ஒட்டினாற்போல் இருந்திருக்க வேண்டும். அவர் இடது காலை இழுக்க வலது காலில் பாரம் போட்டபோதெல்லாம் அந்தக் குதிக்கால் வெடிக்கு ஒரு விரற்கடை இந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது.

நிறுவனத்தின் வெடி செயலிழக்கச் செய்யும் குழு வந்து அதைத் தூர ஒரு பள்ளத்துக்குக் கொண்டுபோனது. சனம் றோட்டில் நின்றது. கொஞ்ச நேரத்தில் அதை வெடிக்கவைத்த சத்தம் கேட்டது. கொக்குகள் எழுந்து பறந்தன. இத்தனை வருஷம் சேற்றில் கிடந்தும் அது சாகவில்லை.

அதற்குப் பிறகுதான் ஜெசிந்தா மாமாவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் தன் வலது காலைத் தூக்கி மடியில் வைத்து, குதிக்காலைக் கையால் தடவிப் பார்த்தார்.

“ஏதோ உரசிக்கொண்டு போனது,” என்றார். “நான் நண்டெண்டு நினைச்சன். உதறுவம் எண்டு பார்க்க, நீ அசையாதேங்கோ எண்டு சொன்னனி.”

ஜெசிந்தாவும் அந்தக் குதிக்காலைத் தொட்டுப் பார்த்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

முகாமையாளர் ஐங்கரனைத் தொலைபேசியில் அழைத்தார். செய்தி அவருக்குப் போயிருந்தது. களப்பிலிருந்து யந்திரம் எடுத்த முதல் உண்மையான வெடி இதுதான், இதைப் பெரிய வெற்றியாக அறிவிக்கவேண்டும் என்றார். ஐங்கரன் துஷ்யந்தியைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை அவளிடம் கொடுத்தான்.

“அறிவியுங்கோ,” என்றாள். “ஆனா முழுசாய் அறிவியுங்கோ. நாங்கள் எடுக்கேல்லை. அது அங்க கிடந்ததே எங்களுக்குத் தெரியாது. நாங்கள் சேறு அள்ளினம், அது வெடியையும் அள்ளிப்போட்டுது. பெரிய வாயைப் பூட்டியிருந்தா ரெண்டும் ஒண்டா அசைஞ்சிருக்கும், அப்ப நான் உங்களோட கதைச்சுக்கொண்டிருக்கமாட்டன்.”

பெரிய வாயைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று முகாமையாளர் கடைசியில் சொன்னார். சின்ன வாயோடு, கோப்பை கோப்பையாகத்தான் போகவேண்டும், அதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டார். குறைந்தது இரண்டு மாரி போகும், கூடவே ஜெசிந்தாவின் அணி முழுதும் வேண்டும், ஒவ்வொரு பையையும் ஒரு கை தடவித்தான் ஆகவேண்டும் என்றாள் துஷ்யந்தி. அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. ஆனால் அதை இனிமேல் தன் கணக்குக்கு வெளியே விடப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பியபோது சூசைதாசன் அவளுக்கு முன்னால் நின்றார். காய்ந்த சேறு தொடை வரைக்கும் வெடித்துக் கிடந்தது.

“தங்கச்சி, இதைப்போல இன்னும் எத்தினை கிடக்கு?”

“தெரியாது ஐயா.”

அவர் தலையாட்டினார். களப்பைப் பார்த்தார். காற்று இப்போது நன்றாகவே எழும்பியிருந்தது, தண்ணீர் முழுக்கச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது.

“ஆறுதலாப் பாருங்கோ,” என்றார். “அந்தக் கம்பத்துக்கு அங்கால ஒருத்தரும் போகாமல் நான் பார்க்கிறன்.”

சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து மெற்றில்டாவின் குரல் எழுந்தது. காலையிலிருந்து வாயைத் திறக்காதவள் இப்போது திறந்தாள். இந்த வயதில் இந்த மனிசனுக்கு வந்த வீரத்தைப் பற்றி, கஞ்சி வைத்துவிட்டுக் காத்திருந்ததைப் பற்றி, மகன் தொலைபேசியில் கேட்டால் தான் என்ன சொல்வது என்பதைப் பற்றி, கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் யாருடைய சொல்லையும் கேட்காததைப் பற்றி, மூச்சு விடாமல் ஏசினாள். ஏச ஏசக் கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்காமல் ஏசினாள். சனம் ஒதுங்கி வழிவிட்டது. ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை.

சூசைதாசன் கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டார். அவள் இடையில் மூச்சு வாங்க நிறுத்தியபோது, இன்னும் இருக்கிறதா என்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.